ஒரே கிண்ணமும் தனித்தனிக் கல்லறைகளும்

தரங்கம்பாடியில் 1733-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். சீர்திருத்தச் சபைகளில் குருவான முதல் இந்தியர் அவர்தான். கடலூர்ப் பக்கத்து வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் இராசநாயக்கன் என்றொருவர் உபதேசியாராக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர். கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடியில் அச்சான வேதப்புத்தகத்தைப் படித்துவிட்டுத் தானாகவே அந்தச் சபையைத் தேடி வந்தவர். தஞ்சைப் பகுதியில் சபை வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அவர் கையிலிருந்து அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள், அதனால் திருவிருந்தின் மீதே அவர்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள்.

எல்லாரையும் ஒன்றாக்கவென்றே ஏற்பட்ட சடங்கு அது. அந்தச் சடங்கின் கண்ணியத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரை விலக்கி வைத்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் சமத்துவத்தின் கதை முழுவதும் இந்த ஒரு முடிவுக்குள் சுருங்கிக் கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

கிறிஸ்தவ நம்பிக்கை மனித சமத்துவத்துக்கு அடித்தளமாக முடியுமா என்ற கேள்வி வரும்போது, முடியும் என்பவர்கள் வசனங்களைக் காட்டுவார்கள். மனிதர் எல்லாரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்கிறது ஆதியாகமம். யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக்குடிமகன், ஆண், பெண் என்ற பிரிவினை கிறிஸ்துவுக்குள் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். முடியாது என்பவர்கள் சபைக்குள்ளேயே சாதி பார்க்கும் ஊர்களின் பெயர்களை அடுக்குவார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மை. அதனாலேயே இந்த வாதம் நூறாண்டுகளாக ஓர் அடி நகராமல் நிற்கிறது. கொள்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தக் கொள்கை உடம்பெடுத்து வரும் ஒரு பழக்கத்தை எடுத்து எடைபோட்டால் ஏதாவது தெளியும். அப்படி எடைபோட ஏற்றது திருவிருந்து. இராப்போஜனம் என்றும் நற்கருணை என்றும் சபைக்குச் சபை பெயர் மாறும். ஓர் அப்பத்தைப் பிட்டு எல்லாரும் உண்பது, ஒரு கிண்ணத்திலிருந்து எல்லாரும் குடிப்பது: செயல் இவ்வளவுதான்.

இந்தச் செயலின் வலிமையைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய இறையியல் தேவையில்லை. நம் ஊரில் தண்ணீர் குடிக்கும் முறையைக் கவனித்தால் போதும். செம்பை உதட்டில் படவிடாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். எச்சில் பட்ட பாத்திரம் தீட்டு. யார் எச்சிலை யார் தொடலாம் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே படிநிலை இருந்தது. சாதிகளுக்கு இடையே சொல்லவே வேண்டாம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்ததும் இதே கணக்கில்தான். இப்படிப்பட்ட ஊரில், பலர் முன்னிலையில், பலரும் வாய்வைத்த ஒரு கிண்ணத்தில் தானும் வாய்வைப்பது என்பது ஜெர்மனியில் இருந்ததைப்போல வெறும் பக்திச்செயலாக இருக்க முடியாது. சாதி என்ற ஏற்பாடு எந்த இடத்தில் தன்னைக் காத்துக்கொள்கிறதோ, சரியாக அந்த இடத்திலேயே அது கைவைக்கிறது. கடல் கடந்து வந்த மிஷனரிகள் தாங்கள் கொண்டுவந்த பொருளுக்கு இந்த மண்ணில் என்ன வீரியம் என்பதை அறியாமலேயே கொண்டுவந்தார்கள்.

ஆகவே திருவிருந்தின் முதல் பலம், அது மனதளவில் நின்றுவிடாமல் வாயளவுக்கு இறங்கி வருவது. எல்லா உயிரும் ஒன்று என்று பாடுவதற்கு யாருக்கும் செலவில்லை. பாடிவிட்டு எழுந்து அவரவர் தெருவுக்குப் போகலாம். கிண்ணம் அப்படி விடாது. அடுத்தவர் குடித்த பிறகு அது உங்களிடம் வருகிறது, குடிக்கிறீர்களா இல்லையா என்று கேட்கிறது.

இந்தக் கேள்விக்கு அஞ்சியவர்கள் இந்தியர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்துவிட, உழைத்துவிட்டுப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே ஆகாது என்று பவுல் எழுதினார். ஆக, இந்த மேசை தோன்றிய முதல் தலைமுறையிலேயே அதில் பாகுபாடும் தோன்றியது. பாகுபாட்டைக் கண்டிக்கும் குரலும் அதே தலைமுறையில், அதே நூலுக்குள் எழுந்தது. இது சிறிய விஷயம் இல்லை. தன் தலைமைச் சீடரின் சறுக்கலை மறைக்காமல் தன் மறைநூலிலேயே எழுதி வைத்திருக்கிற மதத்துக்குள், பின்னால் வருகிற யாரும் அதே கண்டனத்தை எடுத்துப் பேச முடியும். பேசியும் இருக்கிறார்கள்.

தரங்கம்பாடியில் 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்தன. கிண்ணம் ஒன்றாக இருந்த இடத்திலும் முறை உண்டு: முதலில் வேளாளர், பிறகு மற்றவர். அன்றைய ஜெர்மன், டேனிஷ் ஆலயங்களிலும் பிரபுக்களுக்குத் தனி இருக்கை, குடியானவர்களுக்குத் தனி இருக்கை. அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்குத் தமிழ்நாட்டின் பிரிவினை உலகியல் ஏற்பாடாகவே பட்டது. ஆத்துமாவில் சமம், சமூகத்தில் அவரவர் நிலை. இந்த ஒரு சூத்திரம் செய்த கேட்டை இன்னொன்று செய்ததில்லை. நம்பிக்கையைச் சரியாக அறிக்கையிட்டபடியே அதன் விளைவைத் தள்ளிப்போட அது வழி சொல்லிக்கொடுத்தது.

கத்தோலிக்கர்களிடம் இது இன்னும் முறையாகவே நடந்தது. மதுரைக்கு 1606-இல் வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியின் கோலத்தில் வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே என்ற வாதத்தைத் திருத்தந்தை 1623-இல் ஏற்றார். பிற்பாடு தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனியாகப் பண்டாரசாமிகள் வந்தார்கள். ஒரே சபையின் இரண்டு துறவிகள், ஒரே விசுவாசம், ஆனால் ஒருவர் போகிற தெருவுக்கு இன்னொருவர் போகமாட்டார். நொபிலியின் தமிழையும் துணிவையும் நான் மதிக்கிறேன். இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் அனுப்பிய சுற்றறிக்கை இந்தச் சமாதானத்தை உடைத்தது. சபைக்குள் சாதி இனி கூடவே கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சையிலும் திருச்சியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். 1835 வாக்கில் வில்சன் நேரில் வந்தார். அந்தப் பயணத்தில் நடந்த திருவிருந்தில், வேளாளர், பறையர், ஐரோப்பியர் என்று மாறிமாறி வரும்படியாக ஆட்கள் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டார்கள். ஊர் ஊராக நடந்த பேச்சுவார்த்தைகளையெல்லாம் விட அந்த வரிசை அழுத்தமாகப் பேசியது.

இந்த இடத்தில் வேதநாயக சாஸ்திரியாரின் தரப்பையும் கேட்க வேண்டும். தஞ்சை மிஷனரி சுவார்ட்சின் மாணவர், சரபோஜி மன்னரின் அவைக்கவிஞர், பெத்லகேம் குறவஞ்சியைத் தந்தவர். 1829-இல் அவர் எழுதியவற்றில் புதிய மிஷனரிகள் மீது அடுக்கிய குற்றச்சாட்டுகள் சாதி ஒன்றைப் பற்றியவை மட்டும் இல்லை. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பண்டிகைகளில் பூ வைப்பதைத் தடுத்தார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்தப் பார்த்தார்கள், சாதிகளைக் கட்டாயமாகக் கலந்தார்கள் என்று நான்கும் ஒரே பட்டியலில் வருகின்றன. முதல் மூன்றில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவம் இன்று தமிழில் பாடுகிறது என்றால் அதில் அவர் போராட்டத்துக்கும் பங்குண்டு. நான்காவதில் அவர் தவறு. ஆனால் நான்கையும் அவர் ஒன்றாகவே பார்த்தார் என்பதில் பெரிய பாடம் இருக்கிறது. சமத்துவம் வெளியிலிருந்து ஆணையாக வந்தபோது, அது பண்பாட்டைப் பறிக்கும் கையோடு சேர்ந்து வந்தது. பூவை விலக்குகிற அதே அதிகாரம் சாதியையும் விலக்கச் சொன்னால், சாதியைக் காப்பதும் பூவைக் காப்பதும் ஒரே வீரமாகிவிடுகிறது. அந்தக் குழப்பத்துக்கு மிஷனரிகளும் பொறுப்பு.

அவர்கள் வீட்டு மேசையும் அப்படி ஒன்றும் அகலமாக இருக்கவில்லை. இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான வே. ச. அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசிய பேச்சு அந்த அரங்கையே சங்கடத்தில் ஆழ்த்தியது. மேற்கிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள், நட்பை மட்டும் கொடுப்பதில்லை என்பதே அவர் முறையீடு. பீடத்தில் ஒரே கிண்ணம், பங்களாவில் தனித்தனி மேசை. சாதி பார்க்கிறார்கள் என்று இந்தியர்களை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தியவர்களில் பலர் தங்கள் இன மேட்டிமையை அதே கண்ணால் பார்க்கவில்லை.

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1847-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கிண்ணம் போதாது, ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து சமைத்த சாதத்தைச் சாப்பிட வேண்டும் என்று சோதனை வைத்தார்கள். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். மறுத்த உபதேசியார்கள் பலர் வேலையை விட்டார்கள். சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் 1850-இல் அந்தத் திசையிலேயே தீர்மானித்தது. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் மட்டும் ஒப்பவில்லை: சாதி சமூக வழக்கம், வற்புறுத்தலால் மனமாற்றம் வராது, காலப்போக்கில் சுவிசேஷமே அதைக் கரைக்கும் என்றார். வில்சனின் சுற்றறிக்கைக்குப் பிறகு வெளியேறிய தஞ்சை வேளாளர்களில் பலர் ஏற்கெனவே லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபையில் சேர்ந்திருந்தார்கள்.

எனக்கு இந்தக் கட்டம்தான் மிக முக்கியமாகப் படுகிறது. கிரவுல் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. பிடித்துத் திணித்த சோற்றால் யாரும் சகோதரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் கரையும் கரையும் என்று காத்திருந்த நூற்றெழுபது ஆண்டுகளில் அது கரையவில்லை என்பதும் கண்முன் நிற்கிறது. இன்னொன்று: ஒரு சபை சாதியைக் கண்டித்ததும் பக்கத்துச் சபை கதவைத் திறந்து வைத்தது. கிறிஸ்தவர்களுக்குள் இருந்த சபைப் பிரிவு சாதிக்குத் தப்பிக்கும் வழியாகப் பயன்பட்டது. ஒற்றுமை இல்லாத இடத்தில் சமத்துவத்தை நிலைநிறுத்த முடியவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது உலகமே வியந்தது. ஐரோப்பாவில் ரத்தம் சிந்திப் பிரிந்த மரபுகள் இங்கே சேர்ந்தன. குருத்துவ மரபு எது, ஆயர் பதவி எப்படி என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்த்தவர்கள், ஒரே ஊரில் இருக்கும் இரண்டு தெருவைச் சேர்த்துவைக்க அந்த அளவு பேசவில்லை.

இதற்குள் மேலிருந்து வந்த சமத்துவத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன். கீழிருந்து வந்தது வேறு மாதிரி. தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தாழ்த்தப்பட்ட குடும்பத்தவர். அவரே தஞ்சாவூருக்குப் போய் இந்த நம்பிக்கையைக் கண்டு ஏற்றுக்கொண்டு, தன் ஊருக்கு மிஷனரியை வரவழைத்தார். ரிங்கல்தௌபே 1806-இல் அங்கே வந்தது அப்படித்தான். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளில் பெண்கள் மேலாடைக்காகப் போராடினார்கள். அடியும் தீவைப்பும் தாங்கி 1859-இல் அரசாணை பெற்றார்கள். அந்தப் பெண்கள் இறையியல் படித்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடவுளின் பிள்ளை என்று அழைக்கப்பட்டவள், திங்கட்கிழமை சந்தையில் மார்பை மூடக்கூடாது என்றால் ஏன் என்று கேட்டாள். நம்பிக்கை சமத்துவத்துக்கு அடித்தளமாகும் விதம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அது மேலே இருப்பவரை இறங்கச் செய்வதில் பெரும்பாலும் தோற்றிருக்கிறது. கீழே வைக்கப்பட்டவரை நிமிரச் செய்வதில் மீண்டும் மீண்டும் வென்றிருக்கிறது. சாதியைக் காப்பாற்றிய கிறிஸ்தவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஏன் இத்தனை லட்சம் தலித்துகள் அவமானத்தைச் சகித்தபடியும் அந்தச் சபையை விட்டுப் போகாமல் உள்ளேயே நின்று சண்டை போடுகிறார்கள் என்பது விளங்காமல் போய்விடும்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்ட ஒரு பந்தியும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகை என்றால் ஊரே திரளும். வீட்டுக்கு வீடு காணிக்கையும் அரிசியும் சேரும். ஆட்டுக்கறிக் குழம்பு அண்டாக்களில் கொதிக்கும். சோற்றைப் பாயில் மலையாகக் கொட்டுவார்கள். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்வார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் வருவார்கள். மேற்கத்தியத் திருவிருந்தில் இல்லாத இரண்டு குணங்கள் இதில் உண்டு. இது வயிறு நிறையப் போடுகிறது. ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்பதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு குறை: திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலானவை ஒரே சாதி வாழும் ஊர்களில் எழுந்தவை. பந்தி சமமாக இருப்பதற்கு, உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே உறவினர்களாக இருப்பதும் காரணம். தெரு தாண்டிப் போகும்போதுதான் அசனத்தின் உண்மையான சோதனை.

அந்தத் தெருவைத் தாண்டியவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்று தன்னை அழைத்துக்கொண்டவர். மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியர். கர்நாடக இசையில் தோய்ந்திருந்த ஆராதனைக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தார். அவர் இறையியலின் நடு இடத்தில் ஓர் உலை இருந்தது. எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்து, எல்லாரும் பகிர்ந்து உண்பது. திருவிருந்து பாத்திரத்துக்குள் சுருங்கிப்போனதை அவர் கண்டுகொண்டார். துளி திராட்சரசத்தைப் பகிர்வது சமத்துவம் ஆகாது, அடுப்பையும் தானியத்தையும் உழைப்பையும் பகிர வேண்டும் என்று அதை மறுபடி விரித்தார். நம் காலத்தில் தமிழில் பிறந்த கிறிஸ்தவச் சிந்தனைகளில் இதை ஒத்த ஆழமுள்ளது வேறு இல்லை என்பது என் எண்ணம். பல சபைகளில் பொதுக் கிண்ணத்துக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் கோப்பை வந்துவிட்ட இந்நாட்களில், அவர் சொன்னதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கோப்பை மாறியதற்குச் சுகாதாரக் காரணம் இருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் பொதுக் கிண்ணம் சுமந்திருந்த வேலையை அந்தச் சின்னக் கோப்பை செய்யாது. அதற்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லை.

திருவிருந்தின் ஆகப் பெரிய குறை, அது ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைபட்டுப்போனது. சாதிக்கு உயிர் இருப்பது திருமணத்தில். கிண்ணத்தில் சேர்ந்து குடித்தவர்கள், சம்பந்தம் பேசும்போது பிரிந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவத் திருமணத் தகவல் பக்கங்களைத் திறந்தால் சபையின் பெயரும் சாதியின் பெயரும் கைகோத்தே வரும். இதைப் பெரும்பாலான குருமார் தனிப்பட்ட விருப்பம் என்று கடந்துபோகிறார்கள். ஆனால் திருமண விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று சபை எப்போதும் சொன்னதில்லையே. இந்துவை இந்து முறைப்படி மணந்த பெண்ணைத் திருவிருந்தில் சேர்க்காமல் நிறுத்திவைக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. மனந்திரும்பி அறிக்கை செய்த பிறகே மறுபடி சேர்ப்பார்கள். மேசையைப் பூட்டும் சாவி சபையிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரியும். தலித் கிறிஸ்தவ மருமகன் வேண்டாம் என்று மகளை வீட்டில் அடைத்த தகப்பனுக்கு மட்டும் அந்தச் சாவி திரும்புவதில்லை. அவர் அடுத்த ஞாயிறும் வருகிறார், முழந்தாள்படியிடுகிறார், அப்பம் கொடுக்கிறார்கள். பேதுருவைக் கண்டித்த பவுலின் நிருபத்தை அதே ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.

மேசையைப் பூட்டுவதால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. கேப் காலனியின் டச்சு சீர்திருத்தச் சபை 1829-இல் நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து என்று தீர்மானித்தது. வெள்ளையர் சிலர் மனம் ஒப்பவில்லை. 1857-இல் கூடிய சினாடு, சேர்ந்து ஆராதிப்பதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஒத்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலரின் பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே கூட அனுமதித்தது. இரக்கம்போலத் தோன்றும் இந்த விட்டுக்கொடுப்பிலிருந்து 1881-இல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபை பிறந்தது. பிறகு 1948-இல் நிறவெறி அரசு வந்தபோது அதற்கு வேதவிளக்கம் தர அந்த மரபு தயாராக இருந்தது. இராசநாயக்கனை விலக்கிய மனமும் இந்தச் சினாட்டின் மனமும் ஒன்றுதான்: பாகுபாடு காட்டுகிறவரின் மனசாட்சிக்குத்தான் இரண்டும் இரங்கின, பாகுபாட்டுக்கு ஆளானவருக்கு இரங்கவில்லை.

1982-இல் கனடாவின் ஒட்டாவாவில் சீர்திருத்தச் சபைகளின் உலக மாநாடு கூடியது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் அங்கே நடந்த திருவிருந்தில் பங்கெடுக்க மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் எங்களோடு ஒரே மேசைக்கு வராதவர்களோடு இங்கே எப்படி வருவது என்பது அவர்கள் கேள்வி. மாநாடு நிறவெறியை வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதை ஆதரித்த வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. நிறவெறியை மறுத்து அதே ஆண்டு எழுதிய பெல்ஹார் விசுவாச அறிக்கையைக் கலப்பினத்தவர் சபை 1986-இல் தன் அறிக்கையாக ஏற்றது. அரசியல் போராட்டமும் பொருளாதாரத் தடையும் இல்லாமல் நிறவெறி வீழ்ந்திருக்காது. ஆனால் நிறவெறிக்குக் கடவுளின் பெயரில் கிடைத்துவந்த ஆதரவை அறுத்ததில் அந்த மறுப்புக்குப் பங்கு உண்டு. உண்ண மறுத்தவர்கள் மேசையின் பொருளை, உண்டவர்களைவிட நன்றாகக் காத்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு மறுப்பைத் தலைமை எதுவும் எடுக்கவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் தனித்து எடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்து எறையூரில் 2008-இல் அவர்கள் தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டார்கள். பொதுவழியில் பிணம் கொண்டுபோகவும் ஆலயத்தில் சமமாக நடத்தப்படவும் பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்துச் சலித்த பிறகு வந்த கோரிக்கை அது. வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்று தலித்துகளைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. சமமில்லாத ஒற்றுமையை விட்டுப் பிரிவதும் நம்பிக்கையின் செயலாக இருக்க முடியும் என்பதை அந்த ஊர் சொல்லிற்று. ஒற்றுமை வேண்டும் என்ற பேச்சு எப்போதும் கீழே இருப்பவரிடமே பொறுமை கேட்கிறது என்பதையும் அங்கேதான் நான் தெளிவாகக் கண்டேன்.

அரசும் இவர்களைக் கைவிட்டது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்றது. பின்னர் 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அவர்களையும் சேர்க்கப் பரிந்துரைத்தும் பயனில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே மறுப்புக்குச் சொல்லப்படும் காரணம். சபைத் தலைவர்கள் தில்லியில் போய், எங்களுக்குள் சாதி இருக்கிறது, ஆகவே உரிமை கொடுங்கள் என்று சரியாகவே வாதாடுகிறார்கள். அந்த வாக்குமூலத்தைத் தங்கள் மறைமாவட்டங்களிலும் அதே குரலில் சொல்லி, அதற்குரிய நடவடிக்கையை எடுத்திருந்தால் அவர்கள் வார்த்தைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

மதம் மாறினாலும் சாதி மாறவில்லை என்று அம்பேத்கர் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய விமர்சனத்துக்கு முழு மறுமொழி இன்னும் வரவில்லை. 1956-இல் அவர் பௌத்தத்தைத் தேர்ந்தார். அவரோடு உடன்படும் பலர், சமத்துவத்துக்கு அரசமைப்புச் சட்டம் போதும், இதில் மதம் எதற்கு என்கிறார்கள். சட்டத்தின் அவசியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு இல்லாமல் எந்தச் சபையும் தானாக இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யார் வீட்டில் பெண் எடுப்பது, யார் பக்கத்தில் புதைப்பது என்ற இடங்களுக்குச் சட்டம் எட்டுவது சிரமம். சபை எட்ட முடியும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் அதன் பதிவேட்டில்தான் நடக்கின்றன.

அடக்கத்திலிருந்தே தொடங்கலாம். திருச்சி மேலப்புதூரில் உள்ளதுபோல, சாதியைப் பிரிக்கும் சுவருள்ள கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. திருமணத்தைப் பற்றிப் பேசினால் தனிமனித விருப்பம் என்று சொல்லித் தப்பலாம். இறந்தவர்களுக்கு அப்படி விருப்பம் எதுவும் இல்லை, நிலமும் சபையின் பெயரில் இருக்கிறது. முன்மாதிரியும் இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். ஒரு சாதிக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று, பீடம் மட்டும் பொது. நடுவில் தடுப்பு. 1910-இல் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று வேளாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். அப்போது நாடு வெள்ளையர் ஆட்சியில் இருந்தது, தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை, குருக்களின் பக்கம் இருந்தது அவர்களுடைய விசுவாசமும் ஆலயத்தின் நிர்வாக உரிமையும் மட்டுமே. கல்லறைச் சுவரை இடிக்க முடிவெடுக்கும் ஆயருக்கு இன்று அந்த இரண்டோடு அரசமைப்புச் சட்டமும் துணைக்கு நிற்கும்.